டேங்க் பிளம்பரும் வயிற்று வளையமும்

எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் என் வீட்டுக்காரரை போனில் 'டேங்க் பிளம்பர்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறார்கள். மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் வேலையில் தான் கெட்டிக்காரர், அதனால்தான் அந்தப் பேர் என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அது வேலைக்கு வைத்த பேர் இல்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் போய் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

அவர் எடை நூற்று இருபத்தெட்டு கிலோ. நானே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் கேட்பார்கள். லிஃப்டில் ஏறினால் கேட்பார்கள், டீக்கடையில் நின்றால் கேட்பார்கள். அடைத்துக்கொண்ட கழிவறையைச் சரிசெய்யக் கூப்பிட்டுவிட்டு, அவர் முட்டி போட்டு உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரர் அசிங்கத்தையெல்லாம் கையால் எடுத்துக்கொண்டிருக்கும்போது, மேலே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் வாக்கிங் போகக் கூடாதாங்க?" என்று கேட்பார்கள். மூக்கைப் பொத்தின கையை எடுத்து வாயைப் பொத்தலாமே என்று எனக்குப் பொத்துக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொண்டே, "போகணும் சார்" என்பார்.

வாக்கிங் போகாதவரா அவர்? ஒரு வருஷம் விடியற்காலையில் எழுந்து நடந்தார். ஆறு மாதம் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டார். வேகவைத்த காயும் சூப்புமாக இருந்து பதினாலு கிலோ இறங்கினார். அப்புறம் முட்டி வீங்கி இரண்டு மாதம் படுத்ததில் பதினேழு கிலோ ஏறியது. அந்தப் பதினாலு கிலோவை ஒருத்தரும் பார்க்கவில்லை. பதினேழை மட்டும் ஊரே பார்த்தது. அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், வீட்டுக்கு வந்து அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "உன் கைதான் தாராளமாச்சே" என்றார். அதே சாப்பாட்டைத் தின்று நான் ஐம்பத்து இரண்டு கிலோவில் நிற்கிறேன். அது அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

வாயைக் கட்டத் தெரியாதவர், மனசில் உறுதி இல்லாதவர் என்று பேசுகிறவர்கள் அவர் வேலை செய்வதை ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். ஒரு இணைப்பை மாட்டி முடித்ததும் அதற்கு அடியில் காய்ந்த செய்தித்தாள் ஒன்றை விரிப்பார். தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் எதிரிலேயே கால் மணி நேரம் உட்காருவார். டீ குடிக்க மாட்டார், போன் பார்க்க மாட்டார். ஒரு பொட்டு ஈரம் பட்டிருந்தால் மொத்தத்தையும் கழற்றி முதலிலிருந்து மாட்டுவார். படவில்லை என்றால் அந்தத் தாளை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "தடவிப் பாருங்க" என்பார். அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து, தேதியையும் தன் போன் நம்பரையும் எழுதி, வால்வின் கழுத்தில் கம்பியால் கட்டிவிடுவார். "எப்ப சொட்டினாலும் கூப்பிடுங்க. மாட்டினவன்தான் பதில் சொல்லணும்." ஒன்பது வருஷத்துக்கு முந்தின அட்டையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர்களுக்கும் போயிருக்கிறார். அட்டை கட்டாமல் போகிற பிளம்பர்களைப் பற்றிப் பேசினால் மட்டும்தான் அவருக்குக் கோபம் வரும். கோபத்தில் மீதிப் பங்கு முழுக்க என்னிடம் இருக்கிறது.

எனக்கு ஜெராக்ஸ் கடை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு மேஜை. எனக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் தாளையும் படிக்க மாட்டேன். விவாகரத்து மனு வரும், ரத்தப் பரிசோதனை வரும், மொட்டைக் கடிதம்கூட வரும். கவிழ்த்துப் போட்டு, எடுத்து, திரும்பக் கொடுத்துவிடுவேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் பரீட்சைக் கேள்வித்தாளையே என்னிடம்தான் கொண்டுவருவார். அப்படி ஒரு பேர் எனக்கு.

இனி அந்த ஷாஃப்ட் கதை. அடுக்குமாடிக் கட்டடங்களில் கழிவறைகளுக்குப் பின்னால் குழாய்கள் மட்டும் இறங்குகிற ஒடுக்கமான சந்து இருக்கும், அதைத்தான் ஷாஃப்ட் என்பார்கள். கட்டினவன் மனுஷன் உள்ளே போவான் என்ற நினைப்பே இல்லாமல் கட்டியிருப்பான். நாலாவது மாடியில் கசிவு. மூன்று பிளம்பர்கள் வெளியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் கழிவறை ஜன்னல் வழியாக உள்ளே போனார். கசிவையும் அடைத்தார். திரும்பும்போது இடுப்பு மாட்டிக்கொண்டது. தலையும் தோளும் உள்ளே, இடுப்புக்குக் கீழே வெளியே. முக்கால் மணி நேரம். குடியிருக்கிறவர்கள் கூடினார்கள். ஒருவர் சமையல் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டார். ஒரு அம்மா, "உள்ளேயே விட்டுட்டா கசிவே வராது" என்றார். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அதை ஒருவன் போனில் படம் பிடித்தான். கடைசியில் காவலாளிதான் ஜன்னல் சட்டத்தைக் கழற்றி இவரை இழுத்தார்.

யாருடைய கசிவுக்காக உள்ளே போனார்? அவர்களுடையதுக்குத்தானே? சிரித்தவர்கள் அன்று சாயங்காலம் காய்ந்த சுவரைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். இவர் விலாவில் ஒரு ஜாண் நீளத்துக்குத் தோல் உரிந்து வந்தார். மறுநாள் அந்த வீடியோ எங்கள் பக்கம் முழுக்கச் சுற்றியது. என் கடைக்கும் வந்தது. அங்கே நடந்ததை இப்போது சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள், சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"என்ன ஆபரேஷன்?"

"வயித்துல வளையம் மாட்டுறாங்களாம். எடை இறங்குமாம்."

"யாரு சொன்னா?"

"விசாரிச்சேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நீயும் வரணுமாம்."

சர்க்கரை இருக்கிறது, முட்டி தேய்ந்திருக்கிறது, எங்கள் குடும்ப டாக்டரும் எடையைக் குறைக்கச் சொல்லி அலுத்துப்போனவர்தான். அதனால் வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன்.

அந்த கிளினிக் ஓட்டல் மாதிரி இருந்தது. சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் படங்கள். இந்தப் பக்கம் குண்டாக அழுமூஞ்சி, அந்தப் பக்கம் ஒல்லியாகச் சிரிப்பு. குண்டாக இருந்தபோது ஒருத்தர்கூட ஒரு நாளும் சிரித்ததில்லையாக்கும்! காத்திருக்கும் இடத்து நாற்காலிகளைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாமே இரண்டு பக்கமும் கை வைத்த ஒடுக்கமான நாற்காலிகள். குண்டானவர்களுக்காகவே நடத்துகிற இடத்தில் அவர்கள் உட்கார ஒரு நாற்காலி இல்லை. இவர் ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றார்.

ஆலோசனை சொல்கிற பெண் நல்ல பெண்தான். ரப்பரில் செய்த இரைப்பை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதன் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளை வளையம்.

"இது சிலிக்கான் சார். இங்க மாட்டுவோம். இதுக்கு மேல சின்னப் பை மாதிரி ஆயிடும். கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்னு தோணும். வளையத்துக்குள்ள உப்புத் தண்ணி ஏத்தினா இறுகும், எடுத்தா தளரும். அதுக்கு இந்த ட்யூப். தோலுக்கு அடியில ஒரு சின்ன மூடி இருக்கும், அதுல ஊசி போட்டு ஏத்துவாங்க."

இவர் அதைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ட்யூப் சேருகிற இடத்தை நகத்தால் நிமிண்டினார். வளையத்தை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். அவர் முகம் எனக்குத் தெரியும். நல்ல கம்பெனி வால்வைக் கண்டால் வருகிற முகம்.

"அருமையான ஃபிட்டிங்" என்றார் என்னைப் பார்த்து.

தன் வயிற்றில் வைக்கப்போகிறார்கள் என்பதையே மறந்துவிட்டார் மனுஷன். நான் அவள் கொடுத்த தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். வளையம் நழுவலாம். கசியலாம். இரைப்பையை அரிக்கலாம். சிலருக்குப் பிறகு எடுக்க வேண்டி வரலாம். தொடர்ந்து வந்து சரிபார்த்துக்கொள்வது நோயாளியின் பொறுப்பு.

டாக்டர் நாலு நிமிஷம் வந்தார். நாலேதான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைலைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே சமைக்கிறது? இனிமே கையைக் கொஞ்சம் சுருக்குங்க."

என் நாத்தனார் இந்த ஆளிடம்தான் டியூஷன் படித்திருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கேட்டார்.

"சார், இதை இறுக்குறது தளர்த்துறதெல்லாம் யாரு பண்ணுவாங்க?"

"இங்க டீம் இருக்கு. பாத்துப்பாங்க."

"நீங்க இருப்பீங்களா?"

"நான் மாசத்துல ரெண்டு நாள் வருவேன்."

"நடுவுல நழுவிச்சுன்னா சார்?"

"எதுலதான் ரிஸ்க் இல்ல? எல்லாம் பேப்பர்ல போட்டிருக்கு, படிச்சுக்கோங்க."

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். கம்பி கோத்த அட்டை.

"இதுல உங்க நம்பர் எழுதிக் குடுங்க சார். மாட்டின அன்னிக்குத் தேதி போட்டுக்கலாம். நான் எல்லா வேலையிலயும் இப்படித்தான் கட்டுவேன்."

டாக்டர் அட்டையைப் பார்த்தார், அப்புறம் ஃபைலில் 'தொழில்' என்ற இடத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"பிளம்பரா? உடம்பு ஒண்ணும் குழாய் இல்லீங்க!"

அந்தப் பெண்ணும் சிரித்தாள். இவர் அட்டையை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், இனி எழுந்துவிடுவார் என்று நான் கைப்பையை எடுத்துவிட்டேன். அட்டை கட்டாதவனிடம் ஒரு குழாய்கூட வேலைக்குக் கொடுக்க மாட்டார் அவர்.

"எப்ப சார் தேதி வச்சுக்கலாம்?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் வீடு வருகிற வரைக்கும் பொரிந்து தள்ளினேன். "குளியலறைக் குழாய்க்குப் பதில் சொல்ல ஆள் வேணும், உங்க வயித்துக்கு வேண்டாமா? இதே வேலையை இன்னொரு பிளம்பர் பண்ணியிருந்தா சும்மா விடுவீங்களா? பண்ணிக்கோங்க, வேண்டாம்னு சொல்லலை. பதில் சொல்ற டாக்டர்கிட்ட பண்ணிக்கோங்க. இந்த ஆளு எதுக்கு? என்ன அவசரம்?" முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"எனக்குச் சீக்கிரம் பண்ணிக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒரு பழுப்பு உறையை என் கடை மேஜையில் வைத்தார். "ஃபாரம். மூணு காப்பி எடுத்து வை. சாயங்காலம் போய்க் குடுக்கணும்." நான் படிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

கவிழ்த்துத்தான் போட்டேன். ஆனால் காப்பி மேல்பக்கம் பார்த்துத்தானே வந்து விழும்? அவர் பென்சிலால் நிரப்பியிருந்தார், தொழில் பழக்கம். எழுத்து வெளிறிப்போய் வந்தது. அழுத்தம் கூட்டி மறுபடி எடுத்து, சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணைக் கொடுத்தேன். 'இந்தச் சிகிச்சையை விரும்பக் காரணம் (உங்கள் சொந்த வார்த்தைகளில்)' என்று அச்சடித்திருந்தது. சர்க்கரை இல்லை. முட்டி இல்லை. கோணல் மாணலாக ஒரே ஒரு வரி.

'என் மனைவிகூட சிரித்துவிட்டாள்.'

மெஷின் அது பாட்டுக்கு இன்னும் இரண்டு காப்பி போட்டது.

இப்போது சொல்லிவிடுகிறேன். வீடியோ சுற்றின அன்று டீச்சர் கடைக்கு வந்திருந்தார். "இதைப் பாருங்களேன்" என்று போனை நீட்டினார். சுவரிலிருந்து ஒரு ஆளின் பின்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டு காலும் தரையைத் தேடுகின்றன. யாரோ எண்ணெய் என்கிறார்கள். நான் சிரித்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதல் நாள் நடந்ததை இவர் என்னிடம் சொல்லவில்லை, ஆணி கிழித்தது என்றுதான் சொல்லியிருந்தார். முழுக் கதையும் பிறகு காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்புறம் அந்தக் கால்சட்டையின் பின்பக்கத்து ஒட்டு தெரிந்தது. நீலத் துணியில் பச்சை நூல். நீல நூல் தீர்ந்துவிட்டது என்று நான் போட்ட தையல். சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை பேர் மேல் இவ்வளவு நேரம் சீறினேனே, அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நான்தான். அவர்களுக்காவது அவர் யாரோ.

சாயங்காலம் வந்தார். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "காப்பி ஆச்சா?" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மேஜையில் நிமிர்ந்து கிடந்த தாளைப் பார்த்தார்.

"நீ படிக்க மாட்டியே."

"படிச்சிட்டேன். உங்களுக்கு யாரு சொன்னா?"

"டீச்சர் வீட்டுக் குழாய் பாக்கப் போயிருந்தேன். அது நான்னு தெரியாம சொன்னாங்க. 'உங்க வீட்டம்மாகூட விழுந்து விழுந்து சிரிச்சாங்க'ன்னு."

"ஒட்டைப் பாத்ததும் நிறுத்திட்டேங்க. சத்தியமா."

"அதையும் சொன்னாங்க. 'திடீர்னு நிறுத்திட்டு வேலையைப் பாத்தாங்க'ன்னு." குரல் இறங்கிவிட்டது. "நீ சிரிச்சதுகூட ஒண்ணுமில்ல. யாருன்னு தெரியாம சிரிச்சே. தெரிஞ்சப்புறமும் என் புருஷன்னு சொல்லலை பாரு."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை பேரிடம் வாயைக் கொடுத்திருக்கிறேன்! வேண்டிய இடத்தில் அது அடைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். பரீட்சைக் காலம், தினமும் வருவார். கேள்வித்தாள் உறையை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"டீச்சர், அன்னிக்கு ஒரு வீடியோ காட்டினீங்களே."

"எது? ஓ, அந்த..." சிரிக்கத் தொடங்கினார்.

"அது இவர்தான். என் வீட்டுக்காரர். மூணு பேர் முடியாதுன்னுட்டுப் போன வேலையைச் செய்யத்தான் உள்ள போனாரு, செஞ்சும் முடிச்சாரு. நான் அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லலை. தப்பு என்னோடதுதான்."

நின்றிருந்த இரண்டு பேரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் முகம் செத்துவிட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று இவரைப் பார்த்துக் கும்பிட்டார். இவர் கூச்சத்தில் நெளிந்தார். "அதனால என்ன டீச்சர். குழாய் இப்ப சொட்டலையே?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"சொட்டினா கூப்பிடுங்க. அட்டையில நம்பர் இருக்கு."

எல்லாரும் போனபின் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபாரத்தை எடுத்து, மேஜையிலிருந்த ரப்பரால் அந்த ஒரு வரியை அழித்தார். பென்சிலில் எழுதினது நல்லதாகப் போயிற்று. ஊதித் துடைத்துவிட்டு அந்தக் காலி இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த தாளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"இப்ப என்ன காரணம் எழுதுறது?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க வயிறு. நீங்கதான் சொல்லணும்."

"முட்டி இருக்கு. சர்க்கரை இருக்கு. அது ரெண்டும் நிஜந்தான்."

"நிஜந்தான்."

"ஆனா அதுக்கு அவசரம் இல்ல." ஃபாரத்தை மடித்து உறையில் போட்டார். "நம்பர் குடுக்கிற டாக்டராப் பாக்கணும்."

அன்று சாயங்காலம் அவர் அந்த கிளினிக்குக்குப் போகவில்லை. அவர்கள் நாலு முறை கூப்பிட்டார்கள். தேதி காலியாக இருக்கிறதாம், சலுகை முடியப்போகிறதாம். ஐந்தாவது முறை போனை நான் எடுத்தேன். முதலில் அகலமான நாற்காலி நாலு வாங்கிப் போடுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள் என்றேன். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் தேடினோம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். ஐம்பது நிமிஷம் உட்காரவைத்துப் பேசினார், இவரைப் பார்த்தே பேசினார். வளையம் மட்டும்தான் வழி இல்லை, வேறு விதமான ஆபரேஷன்களும் இருக்கின்றன, மருந்தும் இருக்கிறது, எதுவும் வேண்டாம் என்றாலும் முட்டியைப் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது, எதைச் செய்தாலும் ஆயுசு முழுக்க வந்து காட்ட வேண்டும் என்றார். "யாருக்காகப் பண்ணிக்கறீங்க?" என்று நேராகக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இன்னும் முடிவு பண்ணலைம்மா" என்றார் இவர்.

கிளம்பும்போது அட்டையை நீட்டினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்டார், கேட்டுவிட்டுத் தன் நம்பரையும் வார்டு நம்பரையும் எழுதினார். "தேதியை நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப எழுதறேன்" என்றார்.

அட்டை இப்போது எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. தேதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. போன வாரம் நாத்தனார் வந்து, "என்ன, எப்பதான் பண்ணிக்கப் போறானாம்?" என்று என்னிடம் கேட்டார். அவர் வயிறு, அவரையே கேளுங்கள் என்றேன். இவரைக் கேட்டார். "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு இவர் கருவிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்பக்கத்து ஒட்டு பிரிய ஆரம்பித்திருந்தது. கூப்பிட்டு நிறுத்தி, நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுத்தேன். பச்சை நூல்தான். நீலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் பச்சையிலேயே தைக்கச் சொல்கிறார். எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம்.